எதிரணிக்காரனைப் பிடித்துப்போவது துரோகமா?

உவர்மலையான்: அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தில் நான் நோர்த் கரோலினா அணியின் பக்கம், எதிரணியான டியூக் என்றாலே வேப்பங்காய். ஆனால் அந்த டியூக்கில் ஆடிய சயன் வில்லியம்சனை வெறுக்க முடியவில்லை. 2019 பெப்ரவரியில் எங்களோடு ஆடத் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சப்பாத்து பிளந்து அவன் முழங்காலைப் பிடித்தபடி விழுந்தான். 88-72 என்று வென்றும் மனம் நிறையவில்லை. உங்களுக்கும் இப்படி உண்டா?

கடல்முகம்: இருக்கு தம்பி. ஆனால் மார்ச்சில் திரும்பி வந்து உங்களுக்கே 31 புள்ளி போட்டு 74-73 என்று முடித்தானே, அதையும் ரசித்தீரோ?

உவர்மலையான்: அன்று காலை தேத்தண்ணி ஆறிப்போச்சு அண்ணை. திட்டிக்கொண்டேதான் பார்த்தேன், கடைசியில் தான் தவறவிட்ட பந்தைத் தானே எம்பித் தட்டிப் போட்டபோது கை தட்டிவிட்டேன்.

பந்துப்பித்தன்: சரி, நம்ம திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் எதிர்ப் பள்ளிக்கூடப் பெடியன் நல்ல கோல் போட்டால் நாங்கள் விசில் அடிப்பதில்லையா? பக்கத்தில் இருப்பவன் முறைப்பான், அவ்வளவுதான்.