கப்பல் ஏறும் நாளில் வேட்டியா, அரை டவுசரா?

கோபி மருமகள்:
அரையாண்டு லீவுக்கு கொச்சியிலிருந்து லட்சத்தீவு போகும் சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டிருக்கிறோம். மாமா, அத்தை, நாங்கள், அப்புறம் இரண்டு வாண்டுகள். விடியக்காலை கோபியில் வண்டி ஏறினால் நேராகத் துறைமுகம், அங்கிருந்து நேராகக் கப்பல். இப்போது வீட்டில் ஓடும் பஞ்சாயத்து, முதல் நாள் என்ன உடுத்துவது என்பதுதான். மாமா வெள்ளை வேட்டி சட்டையைத் தவிர வேறெதுவும் போட மாட்டேன் என்கிறார். ஏறும்போது போட்டோ எடுப்பாங்களாமே, அதனால் பட்டுச்சேலைதான் என்கிறார் அத்தை. என் வீட்டுக்காரர் அரை டவுசரும் டீசர்ட்டும் போதும், நாம என்ன பொண்ணு பார்க்கவா போறோம் என்கிறார். தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பின்னலாடைக்காரன், திருப்பூர்:
உங்க வீட்டுக்காரர் கட்சிதான் நானும். கோயமுத்தூரிலிருந்தே கொச்சிக்கு 190 கிலோமீட்டர் பக்கம் வரும், உங்களுக்கு கோபியிலிருந்து அதற்கு மேலும் இருக்கிறது. குதிரான் சுரங்கம் திறந்தபிறகு ரோடு பரவாயில்லை என்றாலும் உட்கார்ந்தே போகவேண்டிய தூரம். பட்டுச்சேலையோடு அத்தனை நேரம் காரில் உட்கார்ந்துவிட்டு இறங்கினால் கொசுவம் என்ன கதியில் இருக்கும் என்று அத்தையையே கேளுங்கள். அப்புறம் நம்ம ஊர் வெயில் காய்ந்த வெயில், வேர்த்தாலும் காற்றுக்கு உலர்ந்துவிடும். கொச்சியில் காற்றே ஈரம், வேர்த்தால் வேர்த்தபடி நிற்கும். கனமில்லாத பருத்தி பின்னல் துணியில் ஒரு டீசர்ட், முட்டி வரை டவுசர், முடிந்தது கதை. தொழில் அது என்பதால் சொல்வதாக நினைக்க வேண்டாம், கொஞ்சம் அதனாலும்தான்.

வெள்ளை வேட்டி, காங்கேயம்:
தம்பி, வேட்டியை விட காற்றோட்டமான துணி எதுங்க? மேலே ஒரு சட்டை, கீழே சுற்றிய துணி, எந்த இடத்திலும் இறுக்கம் கிடையாது. வயசான மனுசர் இத்தனை வருசம் கட்டியதை ஒரு கப்பலுக்காக அவிழ்த்துவிட்டு பேரனுடைய டவுசரைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா? பழனிக்குப் போனாலும் கலெக்டர் ஆபீசுக்குப் போனாலும் அதே வெள்ளைதான். வேட்டி கட்டிய நீதிபதி ஒருவரை 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் உள்ளே விடவில்லை என்றதும் சட்டசபையில் சட்டமே கொண்டுவந்தார்கள். தடுத்தால் கேஸ் போடலாம்.

பீளமேடு பையன்:
அண்ணா, அது தமிழ்நாட்டுச் சட்டம். வாளையார் தாண்டினாலே செல்லாது, நடுக்கடலில் யார் மேல் கேஸ் போடுவீர்கள், திமிங்கலம் மேலா? ஆனால் அதற்கு அவசியமும் இல்லை. கொச்சிக்காரர்களே முண்டு கட்டுகிறவர்கள், அங்கே வேட்டியை யார் முறைத்துப் பார்க்கப் போகிறார்கள்? என் கவலை காற்றைப் பற்றித்தான். கப்பல் 18 நாட் வேகத்தில் போகிறது என்றால் மணிக்கு 33 கிலோமீட்டர். வெளியே இலை அசையாத நாளிலும் மேல்தளத்தில் அந்த வேகத்துக்குக் காற்று முகத்தில் அடிக்கும். எதிர்காற்று இருந்தால் இன்னும் மோசம். வேட்டி நிற்குமா?

வெள்ளை வேட்டி, காங்கேயம்:
ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊருங்க நமக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பி உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலையே நட்டு வைத்திருக்கிறார்கள், அந்தக் காட்டில் வேட்டியோடு வரப்பில் நடந்தவருக்கு உங்க 33 கிலோமீட்டர் எந்த மூலைக்கு?

ஆனைமலை ரோடு அக்கா, பொள்ளாச்சி:
இரண்டு கட்சியும் துணியைப் பற்றிப் பேசுகிறது, பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பலில் போயிருக்கிறேன், கொச்சியிலும் நடைமுறை பெரும்பாலும் இதேதான். பெரிய பெட்டிகளைத் துறைமுக வாசலிலேயே ரூம் நம்பர் சீட்டு ஒட்டி வாங்கிக்கொள்வார்கள். அத்தனையும் ஸ்கேன் ஆகி, அடுக்கி, மாடி மாடியாகப் பிரித்து, உங்க ரூம் வாசலுக்கு வர சாயந்திரம் ஆகும், சில பேருக்குக் கப்பல் கிளம்பி விளக்குப் போட்ட பிறகுதான் வரும். ரூமும் போனவுடனே தயாராக இருக்காது, மத்தியானம் ஒன்று, ரெண்டு மணி வரை பலகாரக் கடையைச் சுற்றுகிற ஈ மாதிரி சாப்பாட்டு ஹாலையும் மேல்தளத்தையும் சுற்றிக்கொண்டு இருக்கணும். அதனால் காலையில் கோபியில் உடுத்துவதுதான் ராத்திரி சாப்பாடு வரைக்கும். கார், துறைமுக வரிசை, மேல்தள வெயில், பாதுகாப்புப் பயிற்சி, ஏசி குளிர், இத்தனையையும் ஒரே துணி தாங்கணும். இதற்கு எது சரி என்று கேட்டால் பாதி சண்டை தானாகத் தீர்ந்துவிடும்.

கைப்பையைத் தனியாக ரெடி பண்ணுங்கள். எல்லோருடைய அடையாள அட்டை, சுகர் பிரஷர் மாத்திரை, சார்ஜர், ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி, முக்கியமாக வாண்டுகளின் நீச்சல் டிரஸ். குளத்தைப் பார்த்த நிமிசத்தில் குதிக்கணும் என்று நிற்பார்கள், அந்த நேரம் டிரஸ் எங்கேயோ அடிமாடியில் பெட்டிக்குள் இருக்கும். பனியனோடு இறக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள், பல குளங்களில் விடமாட்டார்கள்.

பின்னலாடைக்காரன், திருப்பூர்:
அக்கா சொன்னதும் என் பக்கம்தான் சேருகிறது. காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே துணி என்றால் டீசர்ட்டை விட்டால் வேறென்ன?

ஆனைமலை ரோடு அக்கா, பொள்ளாச்சி:
டீசர்ட் சரி, டவுசர்தான் இடிக்கும் தம்பி. முதல் ராத்திரி பெரும்பாலும் கோட்டு சூட்டு எல்லாம் கேட்பதில்லை, பெட்டி வந்து சேராது என்று அவர்களுக்கே தெரியும், அந்த மாதிரி ஜோடனை ராத்திரி பிறகுதான் வரும். ஆனாலும் பரிமாறுகிற பெரிய டைனிங் ஹாலில் ராத்திரி அரை டவுசர், கையில்லாத பனியன், ஹவாய் செருப்பு வேண்டாம் என்று சொல்லும் கம்பெனிகள் இருக்கின்றன. சிலர் கண்டுகொள்வதில்லை. டிக்கெட்டோடு வந்த தாளில் உங்க கப்பலுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்காரர் முழுக்கால் பேண்ட்டில் வண்டி ஏறிவிட்டு டவுசரைக் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். அதைத் திருப்பிச் செய்தாலும் ஒன்றுதான், பேண்ட் பெரிய பெட்டியில் போகக்கூடாது, அவ்வளவுதான்.

ஜவுளிச் சந்தை, ஈரோடு:
ஆம்பளைங்க வேட்டி டவுசர் என்று முட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், அத்தையை மறந்துவிட்டீர்கள். அவர் கேட்டதில் என்ன தப்பு? ஏறும் நாள்தான் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் போட்டோ, அதுதான் பிரேம் போட்டு சுவரில் மாட்டும் போட்டோ. துறைமுகத்தில் கம்பெனி போட்டோகிராபர் நிற்பார், எடுத்துவிட்டு அப்புறம் காசு கேட்பார், அது வேற கதை. பட்டுதான் வேண்டுமென்றால் சிறுமுகை மென்பட்டில் ஒன்று எடுத்துக் கொடுங்கள், கனம் இருக்காது, மடிப்பும் அவ்வளவாகத் தெரியாது. கோரா காட்டன் இந்த ஒரு நாளைக்கு மட்டும் வேண்டாம், இஸ்திரி போட்டதும் கண்ணுக்கு அழகு, கார் சீட்டில் உட்கார்ந்ததும் கசங்கல்தான்.

பீளமேடு பையன்:
கசங்கினால் கப்பலில் இஸ்திரி போட்டுக்கொள்ளலாமே.

ஆனைமலை ரோடு அக்கா, பொள்ளாச்சி:
போட முடியாது கண்ணு. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை என்பதால் பெரும்பாலான கப்பல்களில் இஸ்திரிப் பெட்டிக்குத் தடை. ஸ்கேனில் தெரிந்தால் பெட்டியையே நிறுத்தி வைத்துவிடுவார்கள், நீங்கள் போய்த் திறந்து காட்டி அதை எடுத்துக் கொடுத்த பிறகுதான் மிச்சம் வரும். ஒரு இஸ்திரிப் பெட்டிக்காக ஆறு பேர் துணியும் மாட்டிக்கொள்ளும். காசு கொடுத்தால் கப்பல் சலவையில் தேய்த்துத் தருவார்கள், ஆனால் முதல் நாளைக்கு அது கைக்கு வந்து சேராது.

சேலை கட்டட்டும், நான் எதிர்க்கவில்லை. முந்தானையை மடிப்பு வைத்துத் தோளில் ஊக்குக் குத்தி, நுனியை இடுப்பில் சொருகிவிடுங்கள். சேலை தரையைத் தொடாமல் ஒரு விரல்கடை தூக்கிக் கட்டணும். கப்பலுக்குள் நுழையும் பாலம் சரிவாக இருக்கும், வழுக்காமல் இருக்கக் குறுக்கே பட்டை அடித்திருந்தால் கொசுவம் அதில் மிதிபடும். செருப்பு பின்னால் வார் வைத்ததாக இருக்கட்டும், ஹீல்ஸ் வேண்டாம். லிப்ட்டில் அன்றைக்குத் தேர்க்கூட்டம், படிக்கட்டுதான் கதி.

கோபி மருமகள்:
பாதுகாப்புப் பயிற்சி என்றீர்களே அக்கா, அதற்கும் உடைக்கும் என்ன சம்பந்தம்?

ஆனைமலை ரோடு அக்கா, பொள்ளாச்சி:
ஏழு தடவை குட்டையாக, ஒரு தடவை நீளமாக ஊதல் அடிக்கும். அதுதான் ஆபத்துக்கான சமிக்ஞை. உங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குப் போய் நிற்கணும், சில கப்பல்களில் போனில் வீடியோ பார்த்துவிட்டு அந்த இடத்தில் போய் அட்டையைக் காட்டினால் போதும். 2012இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்ததே, அதில் அன்றைக்கு ஏறிய பல பேருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவே இல்லை. அதற்கு முன்னால் ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று இருந்தது, 2015இலிருந்து கிளம்பும் முன்னாலோ கிளம்பியதுமோ நடத்தியே ஆகணும். அதனால் இதுவும் முதல் நாள் வேலைதான். மிதவை அங்கியை மாட்டிக் காட்டச் சொன்னால் அதன் வார் இடுப்பைச் சுற்றி வரும். சேலையோ வேட்டியோ, தாராளமாக மாட்டலாம், காலில் தட்டாமல் நாலு மாடி படி இறங்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

பின்னலாடைக்காரன், திருப்பூர்:
ஆக வேட்டி தோற்றது.

வெள்ளை வேட்டி, காங்கேயம்:
யார் சொன்னது? வேட்டியோடு தென்னை மரம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பீளமேடு பையன்:
தென்னை மரத்துக்கு அடியில் செக்யூரிட்டி நிற்பதில்லை அண்ணா. கோபி அக்கா, உங்க மாமா பச்சை பெல்ட் கட்டுகிறவரா? எங்க அப்பாரு கட்டுவார், அந்தப் பட்டை பெல்ட்டில்தான் பணம், போன், பஸ் டிக்கெட், வெத்தலைப் பொட்டலம் எல்லாம். கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் அதைக் கழற்றி டிரேயில் போடச் சொல்லிவிட்டார்கள். பெல்ட்டை நம்பித்தான் வேட்டியே நின்றுகொண்டிருந்தது. ஒரு கையில் வேட்டி, இன்னொரு கையில் டிரே, இரண்டு கையையும் தூக்குங்கள் என்று எதிரே ஒருத்தர். தூக்கவே மாட்டேன் என்று நின்றுவிட்டார். போதாததற்கு வெள்ளி அரைஞாண் வேறு கீக் கீக் என்று கத்த, இந்தியில் அதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. துறைமுகத்திலும் அதே மெட்டல் டிடெக்டர்தான்.

கோபி மருமகள்:
பச்சை பெல்ட்டேதான். படித்துக் காட்டினேன், மாமா முகம் போன போக்கைப் பார்க்கணும்.

ஜவுளிச் சந்தை, ஈரோடு:
அதற்குத்தான் ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி வந்திருக்கிறதே. இடுப்பில் ஒட்டும் பட்டை இருக்கும், பாக்கெட் இருக்கும், பெல்ட் இல்லாமலே நிற்கும். உள்ளே பட்டாபட்டி போட்டிருப்பார், காற்றுக்கும் பயமில்லை.

வெள்ளை வேட்டி, காங்கேயம்:
ஒட்டுகிற வேட்டி எல்லாம் கல்யாணத்தில் சின்னப் பையன்கள் கட்டுவது. ஆனாலும் டவுசருக்கு இது எவ்வளவோ மேல்.

பின்னலாடைக்காரன், திருப்பூர்:
வெள்ளையில் மத்தியானம் பஃபே சாப்பாட்டுக் குழம்பு சிந்தினால் ராத்திரி வரை அதே கறையோடு சுற்றணும். நீலம், சாம்பல் என்று எடுங்கள். இன்னொன்று, பையன்களுக்கு மிலிட்டரி பச்சை பிரிண்ட் டவுசர் எடுத்திருந்தால் லட்சத்தீவுக்குப் போகிற உங்களுக்குச் சிக்கல் இல்லை, ஆனால் கரீபியன் பக்கம் கப்பலில் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பார்படாஸ், ஜமைக்கா மாதிரி நாடுகளில் பொதுமக்கள் அந்த டிசைன் போடச் சட்டத்திலேயே தடை, குழந்தைகளுக்கும் சேர்த்து.

ஆனைமலை ரோடு அக்கா, பொள்ளாச்சி:
கறைக்குப் பயந்தால் மாமா ஆயுசுக்கும் சாப்பிட்டிருக்க முடியாது. மாற்று வேட்டி ஒன்று கைப்பையில் வையுங்கள், மடித்தால் கைக்குட்டை அளவுதான் இடம் பிடிக்கும். எல்லோருக்கும் ஒரு சால்வையோ முழுக்கை சட்டையோ இருக்கட்டும், நாடகம் நடக்கும் ஹாலில் ஏசி மார்கழி மாதிரி இருக்கும். நகையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தாலிக்கொடியும் ஒரு ஜோடி வளையலும் போதும், மிச்சத்துக்கு ரூமில் லாக்கர் இருந்தாலும் ரூம் கிடைக்கும் வரை யார் கட்டிக்காப்பது?

கோபி மருமகள்:
சரி, தீர்ப்பு எழுதிவிட்டேன். மாமாவுக்கு ஒட்டிக்கோ வேட்டி, பச்சை பெல்ட் பெரிய பெட்டிக்குள். வீட்டுக்காரருக்குப் பேண்ட், டவுசர் கைப்பையில். எனக்குச் சுடிதார். அத்தை மென்பட்டுக்கு ஒத்துக்கொண்டார், எடுக்க சிறுமுகைக்கே போகணுமாம், மாமா வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார். இதற்கிடையில் வாண்டு நீச்சல் டிரஸ்ஸை இப்போதே போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்கிறது.

பீளமேடு பையன்:
அக்கா, அப்படியே வண்டியில் ஏற்றிவிடுங்கள். மேலே ஒரு டீசர்ட், துறைமுகம் வரை போதும். திருப்பூர் அண்ணனுக்கு ஒரு ஓட்டாவது விழட்டும்.

வெள்ளை வேட்டி, காங்கேயம்:
அந்த ஓட்டு செல்லாது, பதினெட்டு வயசு ஆகவில்லை.