கேமராவை எடுப்பதற்குள் கலைந்த மேகம்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் அலை மேகத்தை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது? எனக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மேற்கே நீளமாக ஒரு மேகப் பட்டை. அதன் மேல் விளிம்பில் ஐந்து அலைகள், ஒரே அளவு, ஒரே இடைவெளி, கரையில் மடங்கி விழப்போகிற அலை மாதிரி நுனி வளைந்து நின்றன. மேலே காற்று வேகமாகவும் கீழே மெதுவாகவும் ஓடினால் நடுவில் இப்படிச் சுருளும் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கையில் போன் இருந்தது. ஆனாலும் கேமராதான் வேண்டும் என்று கீழே ஓடினேன். லென்ஸை மாற்றிக்கொண்டு வருவதற்குள் முதல் மூன்று அலைகள் பிசிறாகிவிட்டன, மற்ற இரண்டும் கண் முன்னாலேயே சரிந்தன. படத்தில் இருப்பது ஒரு கிழிந்த பட்டை. நாலு வருடம் ஆகிறது. மூன்றாவது அலையின் உள்வளைவில் வெயில் படிந்திருந்ததே, அது மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

*

என்னுடையது நெருப்பு வானவில். மாலை ஐந்தரை மணி, பஸ்ஸில் ஜன்னல் ஓரம். சூரியனை ஒரு மேகம் மறைத்திருந்தது. அதை ஒட்டிய மெல்லிய மேகம் இளஞ்சிவப்பும் பச்சையுமாக, சிப்பியின் உள்பக்கம் போல மின்னியது. பக்கத்தில் இருந்த பெரியவரைத் தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது என்று பிறகுதான் சொன்னார், அதில் அவருக்கு வருத்தமே இல்லை. நான் எடுத்த படத்தில் நிறமே வரவில்லை, முழுக்க வெளுப்பு.

*

மேலே எழுதியவர் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் பார்த்தது நெருப்பு வானவில் இல்லை. அந்தப் பெயரே குழப்பம், அதில் நெருப்பும் கிடையாது, வானவில்லும் கிடையாது. தட்டையான பனிப் படிகங்களுக்குள் ஒளி புகுந்து வளைவதால் வரும் பட்டை அது. சூரியன் அடிவானத்திலிருந்து 58 பாகைக்கு மேல் ஏறியிருந்தால்தான் தெரியும். ஐந்தரை மணிக்கு அது நடக்காது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைவிட நீளமாக இருந்தால் அன்றைக்கு அதைத் தேடவே வேண்டாம். தவிர, அது சூரியனுக்குக் கீழே 46 பாகை தள்ளி வரும். கையை நீட்டி விரல்களை விரித்தால் இரண்டு சாணுக்கும் மேல். நீங்கள் சூரியனை ஒட்டியே பார்த்திருக்கிறீர்கள். அது ஒரே அளவிலான நுண்ணிய நீர்த்துளிகளில் ஒளி சிதறி வரும் மேக நிறமாலை. அதுவும் குறைந்த அழகு இல்லை. நான் அசல் பட்டையைப் பார்த்தது ஒரே முறை, உச்சி வெயிலில், அரை நிமிடம்.

*

பெயரை விடுங்கள், எனக்கு ஒரு துளை. வானம் முழுக்கச் சின்னச் சின்ன மேகத் திட்டு, நடுவில் கத்தரித்து எடுத்த மாதிரி நீள்வட்டமாக ஓட்டை, ஓட்டைக்குள் வெள்ளை இறகு ஒன்று தொங்குகிறது. தெருவே நின்று பார்த்தது, சிலர் பயந்தே போனார்கள். உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத துளிகள் அந்த மேகத்தில் இருக்கும். விமானம் ஊடே போகும்போது இறக்கையை ஒட்டிய காற்று விரிந்து இன்னும் குளிர்கிறது, கொஞ்சம் பனி உண்டாகிறது. அந்தப் பனி சுற்றியுள்ள துளிகளின் ஈரத்தை இழுத்து வளர்ந்து கீழே விழ, துளை பெரிதாகிறது. அந்த இறகு விழுந்துகொண்டிருக்கும் பனிதான்! இதை ஒரு சிறுமிக்குச் சொன்னேன். "அப்போ அங்கே பனி பெய்யுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். துளை அடிவானத்துப் பக்கம் நகரும் வரை அவள் வீட்டுக்குள் போகவில்லை.

*

நான் பார்த்தது மாமட்டஸ், இடிமேகத்தின் அடியில் பைபையாகத் தொங்குமே, அது. மாலை வெயில் கீழிருந்து பட்டு ஒவ்வொரு பையும் செம்பு நிறம். அவ்வளவுதான் என் கதை. ஆனால் முதலில் எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கையில் இருப்பதை வைத்து முதல் படத்தை எடுங்கள், நல்ல கேமரா அப்புறம். போன் தானாக நிறம் கூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு எது மேகம் எது மென்பொருள் என்று தெரியாது. வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுங்கள், பஸ் நண்பருக்கு நிறம் வெளுத்தது அதனால்தான். சூரியன் பக்கத்தில் இருந்தால் கட்டட மூலைக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளுங்கள், வ்யூஃபைண்டர் வழியாக நேரே பார்க்கவே கூடாது. அகன்ற லென்ஸில் போலரைஸர் (வானத்தின் பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) வேண்டாம், வானம் ஒரு பக்கம் மட்டும் இருண்டுவிடும். ஒரு மரமோ கம்பமோ சட்டத்துக்குள் இருக்கட்டும். நேரம், திசை இரண்டையும் குறித்து வையுங்கள். கிழிந்த பட்டை என்றாலும் அந்தப் படத்தை அழிக்காதீர்கள். கிளவுட் அப்ரிசியேஷன் சொசைட்டி என்ற மேக ரசிகர்கள் சங்கத்துக்கு நம்மைப் போன்றவர்கள் அனுப்பிய படங்களிலிருந்துதான், கொந்தளிக்கும் கடலைக் கீழிருந்து பார்ப்பது போலத் தெரியும் ஆஸ்பெரிடாஸ் என்ற வகைக்கான பேச்சே தொடங்கியது. 2017-இல் உலக வானிலை அமைப்பு அதைச் சர்வதேச மேக அட்லஸில் சேர்த்தது. உங்கள் அலைக்கும் அதே ஆண்டுதான் ஃப்ளக்டஸ் என்ற பெயர் அதில் ஏறியது.

*

நல்ல யோசனைகள்தான், ஆனால் கேட்டது அனுபவம். என்னிடம் படமே இல்லை. திறந்த மைதானத்தில் இருந்தேன், இடிமழைக்கு முன்னால் வரும் ஷெல்ஃப் மேகம் அடுக்கு அடுக்காக ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வந்தது. இடி கேட்டதும் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு ஓடினேன், இன்றைக்கும் அதையேதான் செய்வேன். மேகம் தலைக்கு மேல் வந்தபோது அதுவரை அடித்த வெக்கைக் காற்று சட்டென்று நின்றது. ஒரு இலை அசையவில்லை. அப்புறம் எதிர்ப்பக்கமிருந்து, மழையில் குளிர்ந்த காற்று அறைந்தது. அந்த அசைவில்லாத சில விநாடிகளை வேறு யாராவது கவனித்திருக்கிறீர்களா?