அயல்பணி விதி தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் கைவேலை குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு வளையமாகப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த கைகள் இன்று சும்மா இருக்கின்றன. வேலை இழந்தவர்களுக்கு மறுபயிற்சி தர மாவட்ட அளவில் ஒரு தனி அமைப்பு வேண்டும், அதற்கு மூத்த ஐஏஎஸ் அதிகாரி ஒருவரை அயல்பணியில் (தன் பணியிலிருந்து வேறொரு அமைப்புக்குத் தற்காலிகமாக அனுப்பும் முறை) தலைவராக அனுப்ப வேண்டும் என்று அரசுக்கு மனு எழுதுகிறோம். கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தால் வேலை நடக்காது, முழுநேரமாக வேண்டும்.

1954-ஆம் ஆண்டு ஐஏஎஸ் பணித்தொகுதி (cadre) விதிகளில் 6-ஆவது விதியைப் படித்தோம். மாநில அரசின் கட்டுப்பாட்டிலுள்ள அமைப்பு என்றால் மாநில அரசே அனுப்பலாம். அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத தன்னாட்சி அமைப்பு என்றால் மத்திய அரசுதான் அனுப்ப முடியும், அதிகாரியின் சம்மதமும் கட்டாயம். அதனால் நாங்களே தனிச் சங்கமாகப் பதிவு செய்வதா, மாநில அரசின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனமாகக் கேட்பதா என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் சரியெனப் படுகிறது.

தலைமைச் செயலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா, அம்மா யாராவது இருந்தால் சொல்லுங்கள்: மனுவைத் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைக்கு அனுப்புவதா, ஐஏஎஸ் அதிகாரிகளின் பணியமர்த்தலைக் கவனிக்கும் பொதுத்துறைக்கா (Public Department)? சம்பளம், ஓய்வூதியப் பங்களிப்பு இரண்டையும் புதிய அமைப்பின் தலையில் கட்டுவார்களா? அப்புறம், குறைந்தது மூன்றாண்டு மாற்றக்கூடாது என்று ஆணையிலேயே எழுதிக் கேட்கலாமா? பழைய அரசாணை நகல் ஏதாவது இருந்தால் இங்கேயே போடுங்கள்.