எந்தக் காட்சியும் சண்டையில்தான் முடிகிறது, என்ன பயிற்சி செய்யலாம்?

மொட்டைமாடி:
நாங்கள் ஆறு பேர், வாரம் ஒருநாள் கூடி இம்ப்ரோவ் நடிப்பு பழகுகிறோம். ஒருவர் ஒரு சொல் தருவார், வசனம் எதுவும் எழுதாமல் அங்கேயே காட்சி. எதை எடுத்தாலும் இரண்டாவது நிமிடத்தில் சண்டை. பஸ் என்றால் சில்லறைச் சண்டை, கல்யாணம் என்றால் பந்திச் சண்டை. "ஆமாம், அப்புறம்" என்று ஏற்றுக்கொண்டு போகச் சொல்கிறார்கள், அப்படிச் செய்தால் இருவரும் தலையாட்டிக்கொண்டே நிற்கிறோம்.

சீட்டுக்கட்டு:
ஏற்க வேண்டியது எதிராளி கட்டிய உலகத்தை. "டாக்டர், கால் வலிக்குது" என்றதும் "நான் டாக்டரே இல்லை" என்றால் காட்சி செத்தது. "போன தடவை ஃபீசே தரலையே" என்றால் அது சண்டையாக இருந்தாலும் ஓடும். இம்ப்ரோவ் ஆசான் கீத் ஜான்ஸ்டன் லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கில் நடிகர்களிடம் சொன்னது இதுதான்: உன் அந்தஸ்தை எதிரில் இருப்பவரைவிட இம்மியளவு மட்டும் மேலேயோ கீழேயோ வை. இதைப் பழகச் சீட்டுக்கட்டிலிருந்து ஆளுக்கொரு சீட்டு எடுத்து, பார்க்காமல் நெற்றியில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அந்தச் சீட்டின் மதிப்புக்கேற்ப நடத்துவார்கள், உங்கள் இடம் எது என்று நீங்களே ஊகிக்க வேண்டும்.

கடைசிபெஞ்சு:
ஆளுக்கு ஒரு சொல்லாகக் கதை சொல்லும் விளையாட்டை அப்படியே தமிழில் போடாதீர்கள். வினைச்சொல் கடைசியில் வருவதால் நடுவில் உள்ளவர்கள் பெரிய, பழைய, கறுப்பு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள், முடிக்க ஆள் கிடைக்காது. ஆளுக்கு இரண்டு மூன்று சொல், நான்காவது ஆள் வினையைப் போட்டே ஆக வேண்டும் என்று மாற்றிய பிறகுதான் எங்களுக்குச் சரியாக வந்தது. இன்னொன்று, அர்த்தமில்லாத மொழியில் பேசி நடிப்பது. சிகாகோவில் நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின் உருவாக்கிய பயிற்சிகளில் இதுவும் உண்டு. சண்டைக்கு வார்த்தை வேண்டுமே, அதையே பிடுங்கிவிடுங்கள்!

திருவிழா:
மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் வள்ளி திருமணம் ஸ்பெஷல் நாடகம் பார்த்ததுண்டா? நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள், ஒத்திகை கிடையாது. வள்ளியும் நாரதரும் விடிய விடியத் தர்க்கம் செய்தாலும் சலிக்காது, ஏனென்றால் ஒருவர் விட்ட சொல்லை இன்னொருவர் பிடித்துக்கொள்கிறார். அதற்கு அந்தாதி போல ஒரு விளையாட்டு: எதிராளியின் கடைசிச் சொல்லில்தான் உங்கள் வாக்கியம் தொடங்க வேண்டும். முழுசாகக் கேட்காமல் வாயைத் திறக்கவே முடியாது.

மொட்டைமாடி:
நேற்று சீட்டு ஆடினோம். நெற்றியில் ராஜா இருப்பது தெரியாமல் நான் எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன், அவர்கள் பதறிப்போய் டம்ளரைப் பிடுங்கினார்கள். பத்து நிமிடம் யாரும் கத்தவில்லை. அந்தாதி அடுத்த வாரம்.