கென்சிங்டன் பூங்காவில் பச்சைக்கிளி: இது நம்ம ஊர்க் கிளிதானா?

நெல்லைக்காரி:
லண்டன் வந்து ஏழு மாதம் ஆகிறது. போன ஞாயிறு பொண்ணைக் கூட்டிக்கொண்டு லங்காஸ்டர் கேட் ஸ்டேஷனில் இறங்கி கென்சிங்டன் கார்டன்ஸ் போனோம், அன்னமும் அணிலும் காட்டலாம் என்றுதான். பீட்டர் பான் சிலைப் பக்கம் நடக்கும்போது தலைக்கு மேலே அந்தச் சத்தம். ஊரில் விடியற்காலையில் வேப்பமரத்தில் கேட்குமே, அச்சு அசல் அதே கத்தல். யாரோ போனில் வீடியோ பார்க்கிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்தால், இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கிற மரத்தில் இருபது முப்பது கிளி. ஜனவரிக் குளிரில்! நான் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குகிறேன், அதுகள் பாட்டுக்கு ஊஞ்சல் ஆடுகிறதுகள்.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் பொண்ணு கையில் ஆப்பிள் துண்டு கொடுத்து நீட்டச் சொன்னார். ஒரு கிளி இறங்கி அவள் மணிக்கட்டில் உட்கார்ந்து, துண்டை ஒரு காலால் பிடித்துக்கொண்டு சாவகாசமாகத் தின்றது. "நகம் குத்துதும்மா, ஆனா விரட்டிராத" என்று கிசுகிசுத்தாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே கிளிப்பேச்சு, ஒரு கூண்டு வேண்டுமாம்.

இதெல்லாம் நம் ஊரிலிருந்து வந்ததா? இந்தக் குளிரை எப்படித் தாங்குகிறது? தீனி கொடுக்கலாமா? கழுத்தில் சிவப்பு வளையம் இல்லாததெல்லாம் பெட்டை என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அது சரிதானே?

பைரிக்கண்ணன்:
வளையம் விஷயம் பாதிதான் சரி அக்கா. பெட்டைக்கு வளையம் கிடையாது, அது உண்மை. ஆனால் ஆண் கிளிக்கும் முழு வளையம் வர ஏறக்குறைய மூன்று வயதாகும். அதுவரை பார்த்தால் பெட்டை மாதிரியே இருக்கும். அதனால் வளையம் இருந்தால் ஆண் என்று அடித்துச் சொல்லலாம், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது நல்லது.

நம் ஊர்க் கிளியா என்றால், இனம் அதே செந்தார்ப் பைங்கிளிதான். ஆனால் அதற்குள்ளேயே வகை உண்டு. அடுத்த தடவை போகும்போது கீழலகைப் பாருங்கள். மேல் அலகு எல்லாவற்றுக்கும் கோவைப்பழச் சிவப்புதான், கீழேதான் சங்கதி. தென்னிந்திய, இலங்கைக் கிளிக்குக் கீழலகு கறுப்பு. வட இந்தியா, பாகிஸ்தான் பக்கத்துக் கிளிக்குக் கீழலகும் சிவப்பு, உடம்பும் கொஞ்சம் பெரிசு. ஐரோப்பாவில் சுற்றுகிற கிளிகளின் மரபணுவை ஆராய்ந்ததில் பெரும்பாலும் அந்த வடக்கு வம்சம்தான் என்று 2015இல் கட்டுரை வந்தது. குளிருக்கும் பதில் அதிலேயே இருக்கிறது. இமயமலை அடிவாரக் குளிரைப் பார்த்த பரம்பரைக்கு லண்டன் ஜனவரி ஒன்றும் பெரிய விஷயமில்லை. போதாததற்கு இங்கே வீட்டுக்கு வீடு தோட்டத்தில் கடலையும் சூரியகாந்தி விதையும் தொங்கவிடுகிறார்கள்.

எப்படி வந்தது என்பதற்குக் கதை நிறைய. கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் லண்டன் கார்னபி தெருவில் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டார் என்பார்கள், சினிமா ஷூட்டிங்கில் தப்பித்தது என்பார்கள். கிளி எங்கெங்கே எப்போது கண்ணில் பட்டது என்ற பழைய பதிவுகளை வரைபடத்தில் போட்டுப் பார்த்தவர்கள், இந்தக் கதை எதற்கும் ஆதாரம் இல்லை என்று 2019இல் எழுதிவிட்டார்கள். ஹென்ட்ரிக்ஸ் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, 1855இல், நார்ஃபோக்கில் இது கூடு வைத்த பதிவு இருக்கிறது. ஆட்கள் வளர்த்தது அங்கங்கே தப்பித்தது, சிலர் வேண்டுமென்றே விட்டது, அவ்வளவுதான். 1929-30 வாக்கில், கிளியிடமிருந்து மனுஷருக்குத் தொற்றுகிற கிளிக்காய்ச்சல் பற்றிய பயம் பத்திரிகைகளில் பெரிதாக வந்தபோது பயந்துபோய்க் கூண்டைத் திறந்துவிட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்று அதே ஆட்கள் சொல்கிறார்கள். 1969இலிருந்து தொடர்ச்சியாகக் குஞ்சு பொரித்துக்கொண்டு வருகிறது, இப்போது பிரிட்டனில் சுமார் 12,000 ஜோடி.

தீனி மட்டும் வேண்டாம். கொடுக்காதீர்கள் என்று பூங்கா நிர்வாகமே கேட்டுக்கொள்கிறது.

லூயிஷம் மாமி:
பிள்ளை, கையிலை வந்து இருக்கிற கிளியைப் பார்க்கிறது ஒரு பார்வை, அது தன் பாட்டிலை போறதைப் பார்க்கிறது வேறை. நான் இஞ்சை வந்து முப்பது வருஷத்துக்கு மேலை. ஹிதர் கிரீன் சேமக்காலை, அதுதான் கல்லறைத் தோட்டம், அதுக்குப் பக்கம் மாரிகாலத்துப் பின்னேரம் ஒருக்கால் போய் நில்லுங்கோ. மூன்றரை மணிக்கு ஒண்டும் இராது. பிறகு ஒரு அஞ்சு, பிறகு பத்து, பிறகு வரிசை வரிசையாய் வீட்டுக்கூரைக்கு மேலாலை அம்பு மாதிரி வருங்கள். வந்தவுடனை மரத்திலை இருக்காதுகள். ஒரு சுற்றுச் சுற்றி, ஒண்டை ஒண்டு தள்ளி, சண்டை பிடிச்சு, கத்திக் குழறி, நல்லாய் இருட்டினாப் பிறகு ஒரேயடியாய் அடங்கும். அந்த அடங்கிற நேரம்தான் வடிவு.

ஒண்டு சொல்லவேணும், கிளிகள் படுக்கிற இடத்தை மாத்தும். ஈஷர் பக்கம் ஒரு ரக்பி மைதானத்துப் பொப்ளர் மரங்களிலை ஒரு காலம் ஆயிரக்கணக்கிலை படுத்ததுகள், பிறகு விட்டிட்டுப் போட்டுதுகள். அதாலை போக முதல் விசாரிச்சுப் போங்கோ. சேமக்காலை கேட் பூட்டிற நேரத்தையும் பாருங்கோ. உள்ளுக்கு மாட்டுப்பட்டுப்போய் அவருக்குப் போன் அடிச்ச கதை என்னட்டை இருக்கு.

ஹாரோ தோட்டக்காரன்:
எல்லாரும் கொஞ்சுகிறீர்கள், என் வயிற்றெரிச்சலையும் கேளுங்கள். வீட்டுப் பின்னால் ஒரே ஒரு ஆப்பிள் மரம். பழுக்கிற வாரம் பார்த்து ஒரு கும்பல் வரும். ஒரு பழத்தையாவது முழுசாகத் தின்னுமா? ஒரு கொத்து, கீழே போடு, அடுத்தது. போன ஆகஸ்டில் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் புல்தரை முழுக்க அரைகுறை ஆப்பிள், மேலே உட்கார்ந்து என்னையே ஒரு கண்ணால் பார்க்கிறது. ஊரில் கொய்யா மரத்தில் இதே அநியாயம்தான், அங்கே தகர டப்பா தட்டி விரட்டுவோம். இங்கே தட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார்.

இன்னொன்று, பொந்து. இதுகள் சீக்கிரமே கூடு பிடித்துவிடும், இப்போதே மரம் மரமாகப் போய் ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்க்கிறதுகள். பிப்ரவரி, மார்ச்சில் முட்டை. உள்ளூர்ப் பறவைகள் ஏப்ரலில் வந்து பார்த்தால் வீடு போய்விட்டது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பைரிக்கண்ணன்:
பேசுகிறார்கள் அண்ணே. மரத்தில் தலைகீழாக இறங்குமே நட்ஹேட்ச் என்று ஒரு சின்னக் குருவி, பெல்ஜியத்தில் அதற்கு இதனால் பாதிப்பு என்று கண்டார்கள். பிரிட்டனில் கணக்கெடுத்தபோது அப்படிப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் தீனித்தட்டுப் பக்கத்தில் ஒரு கிளியைக் கூண்டோடு வைத்துப் பார்த்ததில் சிட்டுகள் வந்து தின்பது குறைந்தது, அது லண்டனிலேயே செய்த சோதனை, 2014இல் வந்தது. ஆகவே உங்கள் புகாரைத் தள்ள முடியாது. அதற்காகத்தான் கையில் ஆப்பிள் வேண்டாம் என்கிறேன். நாமே ஒரே இடத்தில் கூட்டம் சேர்த்துவிட்டு அப்புறம் கூட்டம் என்று குறை சொல்வதில் என்ன இருக்கிறது?

அக்கா, கூண்டு பற்றி. ஊரில் இதைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவுயிர்ச் சட்டப்படி குற்றம், தெரியாமலே நிறைய வீட்டில் இருக்கிறது. இங்கே கூண்டில் பிறந்ததை வாங்கலாம்தான், பூங்காவிலிருந்து பிடிக்கக்கூடாது. ஆனால் கத்தல் ஒரு ஃபிளாட்டுக்குள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

நெல்லைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி போனோம், ஆப்பிள் எடுத்துப் போகவில்லை. முதல் பத்து நிமிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு பெரிய பிளேன் மரத்தில் பொந்து வாசலில் ஒரு கிளி, உள்ளே பாதி உடம்பு, வெளியே வால் மட்டும். பின்பக்கமாக வெளியே வந்து, அலகால் பட்டையைக் கவ்விப் பிடித்து ஒரு காலை மேலே வைத்து ஏறியது, மூன்றாவது கால் மாதிரி அலகைப் பயன்படுத்துகிறது. இதை நான் ஊரில் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

கீழலகு எண்ணினோம். தெளிவாகத் தெரிந்தது பதினொன்று, எட்டு சிவப்பு, இரண்டு கறுப்பு, ஒன்று இரண்டும் கலந்த மாதிரி. கறுப்பு இரண்டும் திருநெல்வேலி என்று பொண்ணு முடிவு பண்ணிவிட்டாள், நான் மறுக்கவில்லை.

மாமி, அந்த சேமக்காலை பூட்டுக் கதையைச் சொல்லாமல் போய்விட்டீர்கள்.