மண்டையோட்டு மாதிரி அச்சிட 3டி பிரிண்டர் தேவை

வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் உதவ வேண்டும். விபத்துக்குப் பின் மண்டையோட்டின் வலப்பக்க எலும்பை எடுத்துவிட்ட தோட்டத்துப் பையன் ஒருவனுக்கு, அந்த ஓட்டையை மூடும் டைட்டானியம் வலையை அறுவைக்கு முன்கூட்டியே வளைத்து வைக்க முழு அளவு மாதிரி தேவை.

கையில் இருக்கும் சி.டி. ஸ்கேன் 5 மி.மீ. ஸ்லைஸ், அதாவது ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படமும் 5 மி.மீ. தடிமன். இதை வைத்து அச்சிட்டால் ஓட்டையின் விளிம்பு படிக்கட்டு மாதிரி வரும், வலை சரியாக உட்காராது. 1 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய ஸ்லைஸ் உள்ள டைகாம் கோப்பு (மருத்துவ ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் வடிவம்) வேண்டும். ஸ்கேன் பிரிவில் வேலை செய்யும் அண்ணன், அக்கா யாராவது அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று சொல்லுங்கள். மெல்லிய ஸ்லைஸ்களைச் சில இடங்களில் சீக்கிரமே அழித்துவிடுவார்கள், அதுதான் கவலை.

இடப்பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஓட்டையை நிரப்பும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பிரிண்டர் மேடை 20 செ.மீ.க்குக் குறையக் கூடாது, லேயர் 0.2 மி.மீ. போதும். அளவை 100 விழுக்காட்டிலிருந்து மாற்றவே வேண்டாம், அச்சானதும் கேலிப்பரால் அளந்து பாருங்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக் இழையே போதும். அது 60 டிகிரியிலேயே இளகிவிடும், நீராவியால் கிருமி நீக்கும் 134 டிகிரி ஆட்டோகிளேவைத் தாங்காது. ஆனால் அதற்குள் போவது வளைத்த வலை மட்டும்தான்.

பிரிண்டர் மாடலைக் கீழே எழுதுங்கள். பெயர் நீக்கிய கோப்பை அனுப்புகிறோம், இழைச் செலவு எங்களுடையது.