கனமான பைக்கின் முன் சக்கரத்தை வீட்டில் கழற்ற எங்கே ஜாக்கி கொடுப்பது?

கேள்வி:
வணக்கம். வண்டி 210 கிலோ, இரட்டை டிஸ்க், ஏபிஎஸ். முன் சக்கர பேரிங் மாற்ற வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் போட்டால் முன் சக்கரம் தரையில் இருக்கிறது, பின் சக்கரம்தான் தூக்கி நிற்கிறது. கையில் கார் ஜாக்கி இருக்கிறது, கத்தரி மாதிரி விரியும் வகை. அதை இன்ஜினுக்கு அடியில் கொடுக்கலாமா? சமமான சிமெண்ட் தரை. துணைக்கு ஆள் இல்லை.

பதில் 1:
கொடுக்கலாம். ஆனால் ஜாக்கியைத் தொடும் முன்பே பலம் போட வேண்டிய வேலையெல்லாம் முடிந்திருக்க வேண்டும். தூக்கிய வண்டியில் இறுகிய ஆக்சிலை (சக்கரத்தின் அச்சு) நீளமான ஸ்பேனரால் இழுத்தால்தான் வண்டி சரியும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போதே பின்ச் போல்ட் (ஆக்சிலைக் கவ்விப் பிடிப்பது), அடுத்து ஆக்சில், கடைசியில் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பகுதி) போல்ட் என்ற வரிசையில் கால் சுற்று மட்டும் தளர்த்தி விடுங்கள்.

சென்டர் ஸ்டாண்டில் ஏற்றியதும் ஸ்டாண்டையும் ஃப்ரேமின் முன் குழாயையும் சேர்த்து ஒரு ரேச்செட் ஸ்ட்ராப் (பல்சக்கரத்தால் இறுக்கும் பட்டை) போட்டு இறுக்குங்கள். வண்டி கொஞ்சம் முன்னால் நகர்ந்தாலே ஸ்டாண்ட் பின்பக்கம் மடங்கிவிடும். இந்த ஒரு கட்டு அதைத் தடுக்கும். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

ஜாக்கிக்கும் வண்டிக்கும் நடுவில் 2 அங்குலக் கனமுள்ள மரக்கட்டை வேண்டும். இன்ஜினுக்கு அடியில் ஃப்ரேம் குழாய்கள் ஓடினால் கட்டையை இரண்டுக்கும் குறுக்கே வையுங்கள். குழாய் இல்லாவிட்டால் சம்ப்பின் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் பகுதி) தட்டையான பகுதியில், எவ்வளவு முன்னால் முடியுமோ அங்கே. ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட், பெண்ட் பைப் (புகை வெளியேறும் குழாய்) எதிலும் எடை இறங்கக் கூடாது. சம்ப் வார்ப்பு அலுமினியம். ஒரே புள்ளியில் அழுத்தினால் விரிசல் விடும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று: எங்கே நிறுத்துவது என்பது முக்கியம். முன்பக்கம் எழ எழப் பின் டயர் கீழே இறங்கும். அது தரையைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் சுற்றினால் ஸ்டாண்டின் கால்கள் தரையை விட்டுக் கிளம்பும். அப்புறம் பின் டயரும் ஜாக்கியும் மட்டும்தான் தாங்கும், பக்கவாட்டில் பிடிமானமே இருக்காது. ஸ்டாண்டின் கால் அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்து அவ்வப்போது இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் ஒரு சுற்று இறக்குங்கள்.

அந்த உயரத்தில் சக்கரம் வெளியே வராமல் மட்கார்டில் இடித்தால், ஜாக்கியை ஏற்றாதீர்கள். வண்டியை இறக்கி, ஸ்டாண்டின் இரண்டு கால்களுக்கும் அடியில் 18 மி.மீ. பிளைவுட் ஒரே துண்டாகப் போட்டு மறுபடி ஏற்றுங்கள்.

கேட்டவர்:
நன்றி. பின் டயர் தொடும் இடம் எனக்குத் தோன்றவே இல்லை. ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கி இன்னும் நல்லதா? ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்கள்) ஆயில் சீலும் பிறகு மாற்ற எண்ணம்.

பதில் 1:
வேண்டாம். ஹைட்ராலிக் ஜாக்கியில் சீல் கசிந்தால் மெல்ல இறங்கும், உங்களிடம் இருப்பது போன்ற திருகு ஜாக்கி விட்ட இடத்தில் நிற்கும். ஃபோர்க்கைக் கழற்றவும் இதே ஏற்பாடு போதும், எடை ஃபோர்க்கில் இல்லையே. பேடாக் ஸ்டாண்ட் (சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்ட்) வாங்குவதானால், ஃபோர்க்கின் அடியைத் தாங்கும் வகையில் சக்கரம் மட்டுமே கழற்றலாம். ஸ்டீயரிங் தண்டின் துளையில் முள் நுழையும் வகையில்தான் ஃபோர்க்கையும் கழற்ற முடியும். எதுவானாலும் பின் ஸ்டாண்ட் முதலில், முன் ஸ்டாண்ட் பிறகு.

பதில் 3:
காலிப்பரை ஹோசில் தொங்க விடாதீர்கள், ஹேண்டில்பாரில் கயிற்றால் கட்டுங்கள். பேட்களுக்கு நடுவில் டிஸ்க் கனத்துக்கு ஒரு மரச்சில்லு செருகுங்கள். தவறிப்போய் பிரேக் லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். ஏபிஎஸ் சென்சரை முதலில் கழற்றி ஓரம் கட்டுங்கள். இடது, வலது ஸ்பேசர்கள் (சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் வரும் வளையங்கள்) பல வண்டிகளில் நீளம் வேறு, கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது ஆக்சிலில் மெல்லிய கிரீஸ். டயரின் அம்புக்குறி பார்த்து ஏற்றி, ஆக்சிலைக் கையால் இறுக்கி, காலிப்பர்களை மாட்டி, லீவர் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். வண்டியைத் தரைக்கு இறக்கிய பிறகு ஆக்சிலை மேனுவலில் உள்ள டார்க்கில் (இறுக்கும் அளவு) இறுக்குங்கள். பின்ச் போல்ட் அப்போதும் தளர்வாகவே இருக்கட்டும். முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கி எழுப்புங்கள், ஃபோர்க்கின் கால்கள் தம் இடத்தில் உட்காரும். அதற்குப் பிறகே பின்ச் போல்ட். இதை மாற்றிச் செய்தால் ஃபோர்க் கோணலாக மாட்டிக்கொண்டு, அமுங்கும்போது இறுக்கமாக இருக்கும்.